இம்பீச் என்றொரு நிறம்

திருமூர்த்திக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் அது பொய். முந்நூறு வார்த்தைக்குக் குறையாமல் தெரியும். ஆனால் அத்தனையும் நிறங்களின் பெயர்கள். மெரூன், ஆலிவ், டீல், சாமன், எக்ரு, மஸ்டர்டு, சார்கோல் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வரும். வாசித்த வார்த்தை அந்த முந்நூறில் இல்லாவிட்டால், அது தனக்கு இன்னும் அறிமுகமாகாத ஏதோ ஒரு நிறம் என்று முடிவு கட்டிவிடுவார். முப்பது வருஷமாக இதுதான் அவர் கொள்கை.

ஒருமுறை பல்வலி தாங்காமல் மனைவி சாரதாமணியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசல் பலகையில் 'எமரால்டு டென்டல்' என்று போட்டிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"எமரால்டு தெரியும் சாரதா. டென்டல்னு ஒரு பச்சையை நான் பாத்ததே இல்லையே."

"உள்ள வாங்க, காட்டுவாங்க" என்றாள் சாரதாமணி. உள்ளே காட்டினார்கள். பிடுங்கியும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவர் பட்டியலில் இல்லை.

சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டை விட்டார். மூன்றாம் தடவை முயற்சி செய்து வாத்தியாரைச் சங்கடப்படுத்த விரும்பாமல், பதினேழு வயதில் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் குமாரசாமியின் சாயப்பட்டறையில் வாளி தூக்கச் சேர்ந்தார். சேர்ந்த ஆறாவது மாதம், ஓடிக்கொண்டிருந்த மெஷினை எட்டிப் பார்த்து, "இது நேத்து ஓட்டுன நீலம் இல்லீங்களே" என்று சொல்லிவைத்தார். மாஸ்டர் முதலில் கையை ஓங்கினார். அப்புறம் சாய மருந்து டப்பாவைப் பார்த்தார், ஓங்கின கையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். டப்பா மாறியிருந்தது. இரண்டு டன் துணி பிழைத்தது. வாளியை வாங்கி வைத்துவிட்டுத் திருமூர்த்தியை லேபில் உட்கார வைத்தார்கள். அமெரிக்காக்காரனோ ஐரோப்பாக்காரனோ ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பான். அதே நிறத்தைக் கொண்டுவருவது லேபின் வேலை. அதில் அவர் கண் தப்பியது கிடையாது.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. "பொண்ணு புடிச்சிருக்குதா மாப்பிள்ளை?" என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, "சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் அரைப் பாயிண்ட் நீலம் வித்தியாசப்படுதுங்க" என்றார். பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சம்பந்தம் அத்தோடு போயிருக்க வேண்டியது. கதவுக்குப் பின்னாலிருந்து சாரதாமணி வாய்விட்டுச் சிரித்ததால் பிழைத்தது. அதே குறையைத்தான் அன்று காலையில் அவளும் தையல்காரரிடம் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். பிறகு இவரைக் கட்டாமல் வேறு யாரைக் கட்டுவாள்?

இனி அமெரிக்க ஜனாதிபதி. பயப்பட வேண்டாம், அவர் இந்தக் கதைக்குள் நேரில் வரமாட்டார். பெயரும் தேவையில்லை. பட்டறையில் அவரை 'அவுரு' என்றுதான் சொல்வார்கள். அவுரு நம் பனியனுக்கு வரியை ஏற்றிவிட்டார். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் பாய்லர் எரிந்தது. அதே சமயம் அவர் ஊரில் அவரைச் சுற்றி ஏதோ பெரிய விவகாரம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன விவகாரம் என்று பட்டறையில் ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததால் பேச்சு தடையில்லாமல் நடந்தது.

"ஏதோ மறைச்சுப்போட்டாராமுங்க" என்பார் பாய்லர்காரர் அய்யாசாமி. "பெரிய எடத்துல இருக்கறவரு, அப்படிப் பண்ணலாமுங்களா?"

மெஷின் ஓட்டும் சோணைமுத்துவுக்கு இதுதான் ஆகாது. அவன் மதுரைப் பக்கத்துக்காரன். "நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்ட ஆளுண்ணே. அவருக்கு என்னத்துக்கு இத்தன 'ங்க'? நறுக்குன்னு நாலு வார்த்த வையிங்கண்ணே."

"வையறதா இருந்தாலும் மருவாதியோட வையோணுமப்பா" என்றார் திருமூர்த்தி. கொங்குநாட்டில் கோபம்கூடச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரும்.

வேலை இல்லாத ஒரு நாள் முதலாளி குமாரசாமி லேபுக்கு வந்தார். குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் துரவோடு இருப்பவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொல்ல வரும்போது கையில் ஏதாவது எடுத்துவருவார்கள். இவர் நாலு இளநீரோடு வந்தார்.

"திருமூர்த்தி, மாசம் முடியறதுக்குள்ள ஒரு அமெரிக்க ஆர்டராவது வரலீன்னா லேபை மூடிப்போடலாம்னு இருக்கறனுங்க. கலர் பாக்கறதை வெளிய குடுத்துக்கலாம். உங்களை விடமாட்டேன், வெசனப்படாதீங்க. குடோனைப் பாத்துக்குங்க."

திருமூர்த்தி இளநீரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. குடோனில் இருப்பதெல்லாம் சாக்கு மூட்டை. சாக்குக்கு உலகம் முழுக்க ஒரே நிறம்தான். முப்பது வருஷம் முந்நூறு நிறத்தோடு குடித்தனம் நடத்தியவரை அதற்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆவார்? அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை முதலாளி ஓட்டமும் நடையுமாக வந்தார். இந்தமுறை கையில் இளநீர் இல்லை, ஒரு காகிதம் இருந்தது. "அமெரிக்க ஆர்டருங்க! எண்பதாயிரம் பீஸ்! வியாழக்கெழமை பொளுதோட வீடியோவுல சேம்பிள் காட்டோணுமாம். அவங்களுக்குப் புடிச்சாத்தான் ஆர்டர்."

வெளிநாட்டுக்காரர்களோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் ஜெயபாரதி, தங்கை கல்யாணத்துக்காகத் தாராபுரம் போயிருந்தாள். முதலாளியே மெயிலைப் பிரிண்ட் எடுத்திருக்கிறார். முதல் பக்கம் வந்ததும் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. ஜெயபாரதிக்குப் போன் போட்டால் மண்டபத்து நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவே பாதிதான் காதில் விழுந்தது. சட்டையின் நெஞ்சில் அச்சடிக்க வேண்டிய எழுத்து பிரிண்டிங்காரருக்கு நேராகப் போய்விட்டது, நாம் துணியைத் தயார் பண்ணித் தைத்துக் கொடுத்தால் போதும். இவ்வளவுதான் புரிந்தது.

"கலர் என்னுங்க மொதலாளி?"

"அதுலயே இருக்கும், பாருங்க."

பார்த்தார். இருந்தது. காகிதத்தின் உச்சியில், கட்டை விரல் தடிமனில், IMPEACH என்று.

எழுத்துக் கூட்டினார். இம்-பீச். பீச் அவருக்குப் பழக்கமான ஆள்தான். லைட் பீச், டஸ்டி பீச், பேபி பீச் என்று பதினாலு வகை கைவசம் இருந்தது. இந்த 'இம்'தான் புதுசு.

"பீச்சுன்னா கடக்கரைதானண்ணே? மணல் கலரா இருக்குமோ?" என்றான் சோணைமுத்து.

"அது சேண்டு. அது வேற."

"அப்ப இம்முன்னா இம்போர்ட்டட்டா இருக்கும்ணே. சரக்கு அமெரிக்காவுக்குல்ல போகுது."

திருமூர்த்திக்கு அது நியாயமாகப் பட்டது. "ஆஃப் ஒயிட்னு ஒண்ணு இருக்குது. அப்ப இம் பீச்சுன்னு ஒண்ணு இருக்கக்கூடாதா?" யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியத்தை ஒரு பீச்சுக்காக விட்டுவிட முடியுமா?

இரண்டு நாள் லேபை விட்டு நகரவில்லை. முதல் துண்டு வெளிறிப்போனது. இரண்டாவது இனிப்புக்கடைக் கலராக வந்தது. மூன்றும் நான்கும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவதை சோணைமுத்து பிரமாதம் என்றான், அதற்காகவே தூக்கி எறிந்தார். ஆறாவது வந்தது. பழுத்த பப்பாளியை அறுத்தால் தோலுக்கும் சதைக்கும் நடுவே நூல் கனத்துக்கு ஒரு நிறம் தெரியுமே, அது. சிவப்பு என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. திருமூர்த்தி அதை வெயிலில் வைத்துப் பார்த்தார், நிழலில் வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். சந்தோஷத்தில் சோணைமுத்துவுக்குக் கடையில் வடை வாங்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் பிரிண்டிங் முடிந்து சட்டை வந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்புக் கொட்டை எழுத்தில் IMPEACH. திருமூர்த்திக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா சோணை? கலரோட பேரையே நெஞ்சுல எழுதிப் போட்டுக்கறாங்க. அவங்களுக்குக் கலர் மேல எத்தனை பிரியம் பாரு!"

சாயங்காலம் ஐந்தரைக்கு ஜெயபாரதி வந்து சேர்ந்தாள். கையில் மருதாணி, தலையில் பூ, தோளில் கல்யாணப் பலகாரப் பை. சட்டையைப் பார்த்ததும் பை நழுவி, முறுக்கு நாலா பக்கமும் ஓடியது.

"மூர்த்தியண்ணா, இது என்னுங்கண்ணா?"

"இம்பீச், அம்மிணி."

"கலர் எதுக்குங்கண்ணா இப்படி?"

"இம்பீச்தான் அம்மிணி கலரு."

ஜெயபாரதி அங்கேயே ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, இம்பீச்னா கலர் இல்லீங்கண்ணா. அந்த ஜனாதிபதி இருக்காருல்லங்க, அவுரு மேல விசாரணை வச்சுப் பதவிய விட்டு எறக்கோணும்னு அர்த்தமுங்க. அதுக்கு அங்க ஊர்வலம் போறாங்க. ஊர்வலத்துக்குப் போடற சட்டைங்கண்ணா இது."

"அப்ப கலரு?"

போனில் இரண்டாம் பக்கத்தைத் தேடி எடுத்தாள். "வெள்ளைங்கண்ணா. வெறும் வெள்ளை."

திருமூர்த்தியின் முகம் அந்த நிறத்துக்கு மாறியது. இங்கிலீஷ் தெரியாத சங்கதி முப்பது வருஷத்துக்குப் பின் சந்தி சிரிக்கப்போகிறது, அது ஒன்று. வெள்ளைச் சட்டைக்கு லேபே வேண்டாம், துணியை வெளுத்தால் போதும், அது இன்னொன்று. ஆர்டர் போனாலும் குடோன், வந்தாலும் குடோன். வீடியோவுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் வெள்ளைச் சட்டை தைத்து எழுத்து அடிக்க அந்த முருகனாலும் முடியாது.

ஆறு மணிக்கு எல்லோரும் முதலாளி அறையில் கூடினார்கள். சுவரில் பெரிய முருகன் படம், அதற்கு மேலே சிவப்பு பல்பு. லேப்டாப்பில் அமெரிக்கக்கார அம்மா ஒருத்தி காப்பிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தாள். ஜெயபாரதி மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அளுவுதுங்களா?" என்று முதலாளி ஜெயபாரதியின் காதில் கேட்டார்.

கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர்தான், ஆனால் சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். யாரையோ கத்திக் கூப்பிட்டாள். இரண்டு பேர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்து, நிறுத்தாமல் பேசினாள். ஜெயபாரதியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"பீச்சுங்கறது ஒரு பழம், ஒரு கலர். இம்பீச்சுங்கற வார்த்தைக்குள்ளயே அது இருக்குதுல்லீங்க, அதைப் புடிச்சுக் கேலி பண்ணியிருக்கறோம்னு நெனச்சுக்கிட்டாங்க மொதலாளி. வெள்ளை வேண்டாமாமுங்க, இந்தக் கலர்தான் வேணுமாமுங்க. இது யாரு யோசனைன்னு கேக்கறாங்க!"

திருமூர்த்தியைப் பிடித்துக் கேமரா முன்னால் தள்ளினார்கள். அவர் கும்பிட்டார். அந்த அம்மா அவரைப் பார்த்து நாலு நிமிஷம் பேசினாள். மேதை என்றாள், இந்த மாதிரி நகைச்சுவையை எங்கள் ஊர் ஆட்களே யோசிக்கவில்லை என்றாள், உங்கள் கையைக் குலுக்க வேண்டும் என்றாள். இதெல்லாம் ஜெயபாரதி பின்னால் சொல்லித்தான் தெரியும். திருமூர்த்தி தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அந்த நாலு நிமிஷப் பேச்சில் பீச்சையும் இம்பீச்சையும் விட்டால் அவருக்குப் புரிந்தவை இரண்டே வார்த்தைகள். ஒன்று பிங்க். மற்றொன்று யெல்லோ.

வீடியோ அணைந்ததும் அறையே ஆடியது. முதலாளி ஜிலேபிக்கு ஆள் அனுப்பினார். பாய்லரை விட்டுவிட்டு அய்யாசாமி வந்து நின்று, எதற்கென்று தெரியாமலே கை தட்டினார். திருமூர்த்தி மட்டும் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னுங்க திருமூர்த்தி, எளவு ஊட்டுக்கு வந்தாப்பல உக்காந்திருக்கறீங்க?" என்றார் முதலாளி.

திருமூர்த்தி ஜெயபாரதி பக்கம் திரும்பினார். "பிங்க்குனு என்னமோ சொன்னாங்களே அம்மிணி. அது என்ன?"

"அது சின்ன விசயமுங்கண்ணா. பிங்க் கொஞ்சம் தூக்கலாத் தெரியுதாம். மஞ்சள் சேத்து மறுக்கா அனுப்பச் சொன்னாங்க. நேர்ல துணியைப் பாத்துட்டுத்தான் ஆர்டரை உறுதி பண்ணுவாங்களாம்."

"சின்ன விசயமா?" திருமூர்த்தி எழுந்துவிட்டார். முப்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒத்துக்கறேன். ஊரைக் கூட்டிச் சிரிங்க. கண்ணு தப்புன்னு சொன்னா ஒத்துக்கமாட்டனுங்க. அந்த பல்பைப் பாருங்க மொதலாளி! முருகனும் செவப்பா இருக்காரு, நீங்களும் செவப்பா இருக்கறீங்க, சட்டை மட்டும் எப்படிச் செவக்காம இருக்கும்?"

"அப்ப முருகன் மேல தப்புங்கறீங்களா?"

"முருகன் மேல இல்லீங்க. பல்பு மேல."

பல்பை அணைக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து எரிகிற பல்பாம். இனிமேல் வீடியோவை வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனார்கள். ஆனால் துணி விஷயத்தில் சமாதானம் ஆகவில்லை. நிறத்துக்கு மூன்று துண்டு அனுப்புவது திருப்பூர் வழக்கம். ஏ, பி, சி என்று எழுதி ஒட்டி அனுப்பினால் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார்கள். ஏ-யில் ஒரு பங்கு மஞ்சள் கூட்டினார். பி-யில் இரண்டு பங்கு. சி-யில் பழைய துணியையே ஒட்டி, முன்பு காட்டியதேதான் என்று ஜெயபாரதியை எழுதச் சொன்னார்.

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாமுங்க. அந்தம்மா ஆகாதுன்னு சொன்னதையே திருப்பி அனுப்புனா, சொன்ன பேச்சுக் கேக்கலீன்னு கோவிச்சுக்கும். எண்பதாயிரம் பீஸுங்க. இது போனா லேபு மட்டுமில்ல, பட்டறையே போயிருமுங்க."

தன் பிடிவாதத்தால் பட்டறையின் இருபத்திரண்டு பேர் வயிற்றில் அடிக்கிறோமோ என்று திருமூர்த்தியும் வீடு போகும் வழியெல்லாம் யோசித்தார். காலையில் மொட்டை மாடியில் மூன்று துண்டையும் வெயிலில் விரித்து, எது என்ன என்று சொல்லாமல் சாரதாமணியைக் கூப்பிட்டார். பதினைந்து வருஷம் பனியன் செக்கிங்கில் நின்ற கண் அது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காலாலேயே சி-யைக் காட்டினாள்.

"ஏனுங்க, மத்த ரெண்டுக்கும் காமாலை வந்திருக்குதே, கீழாநெல்லி ஏதாவது குடுக்கலாமுங்களா?"

பார்சல் போய்விட்டது. அந்த ஐந்து நாள் பட்டறை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. டிவியில் ஜனாதிபதியின் விவகாரம் முற்றிக்கொண்டே போனது. இன்றைக்கு இறங்குவார், நாளைக்கு இறங்குவார் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். திடீரென்று முதலாளிக்குப் பொறி தட்டியது. அவர் இறங்கிவிட்டால் அந்தச் சட்டையை யார் வாங்குவார்கள்?

"சரக்கு கப்பலேறி அங்க போய்ச் சேர்ற வரைக்கும் அவுரு பதவியில இருக்கோணுமே சாமி!" என்று அலறினார். மறுநாளே சிவன்மலை ஏறி, ஜனாதிபதியின் நாற்காலிக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டு, மொட்டை போடுவதாக நேர்ந்துவிட்டு வந்தார். சிவன்மலையில் பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது வழக்கம். பெட்டிக்குள் போன பொருள் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டும் என்பது நம்பிக்கை. "யார் கனவுலயாச்சும் இந்தச் சட்டைய வைக்கச் சொல்லி வந்துட்டா, நம்ம பனியன் பெட்டிக்குள்ள போயிருமுல்லண்ணே?" என்று கேட்டு சோணைமுத்து எல்லோரிடமும் திட்டு வாங்கினான். அய்யாசாமியோ டீக்குடிக்கும்போதெல்லாம், "அவுருக்கு என்னுங்க, தங்கமான மனுசன்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

"அவரை எறக்கச் சொல்லிச் சட்டை தெக்கறது. எறங்கக்கூடாதுன்னு மொட்டை போடறது" என்று சாரதாமணி தலையில் அடித்துக்கொண்டாள். "முருகன் யாரு பேச்சைங்க கேப்பாரு?"

திருமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் துண்டுத் துணி இந்நேரம் எந்த ஊர் வானத்தில் போய்க்கொண்டிருக்கும் என்ற யோசனைதான் அவருக்கு.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஜெயபாரதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தாள். மெஷினை நிறுத்தச் சொன்னாள். முதலாளி ஓடிவந்தார். இருபத்திரண்டு பேரும் சுற்றி நின்றார்கள்.

"மூர்த்தியண்ணா. சி! சி அப்ரூவ்டுங்கண்ணா! வெளிச்சத்துல வச்சுப் பாத்தாங்களாம். பிங்க் இல்லவே இல்லையாம். மன்னிச்சுக்கச் சொல்லியிருக்கறாங்க!"

சோணைமுத்து திருமூர்த்தியை அப்படியே தூக்கிவிட்டான். முதலாளி தோள் துண்டை மேலே வீசினார், அது சாயத் தொட்டிக்குள் விழுந்து நேவி ப்ளூ ஆனது. "லேபை மூடறதா? எவனுங்க சொன்னது லேபை மூடறதுன்னு?" என்று யாரும் கேட்காமலே சத்தம் போட்டார்.

"இன்னும் இருக்குதுங்க, இருங்க. நமக்கு நாப்பதாயிரம் பீஸ்தானுங்க. மீதி நாப்பதாயிரம் வேற நாட்டு மில்லுக்குக் குடுக்கறாங்களாம்." தொட்டியில் துண்டைத் துழாவிக்கொண்டிருந்த முதலாளி நிமிர்ந்தார். "அந்த மில்லுக்காரங்க இதே கலரைக் கொண்டுவரோணுமாமுங்க. அதுக்கு சி துணியில ஒரு துண்டு வெட்டி, கையெழுத்துப் போட்டு நாம அனுப்போணும். இனி இதுதான் ஸ்டாண்டர்டுன்னு எழுதியிருக்கறாங்க."

ஸ்டாண்டர்டு. நிறமல்லாத இந்த வார்த்தை திருமூர்த்திக்கு நன்றாகவே தெரியும். எந்தத் துண்டைப் பார்த்து மற்றவர்கள் சாயம் போட வேண்டுமோ, அது ஸ்டாண்டர்டு. எப்போதும் கடல் தாண்டித்தான் வரும். முப்பது வருஷமாக யாரோ வெட்டி அனுப்பிய இரண்டங்குலத் துண்டுகளை லைட்டுக்கு அடியில் வைத்து, கண் எரிய எரிய அதைப் போலவே கொண்டுவந்தவர் அவர். இங்கிருந்து ஒரு துண்டு அங்கே போனதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"மறுக்கா சொல்லு அம்மிணி."

மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கூட வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு லேபுக்குள் போனார்.

பத்து நிமிஷம் கழித்து ஜெயபாரதி போய்ப் பார்த்தபோது, அட்டையில் IMPEACH என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்திருந்தார். துணியையும் வெட்டிவிட்டார். ஆனால் இரண்டங்குலம் இல்லை, கை அகலத்துக்கு ஒரு முழத் துணி.

"அண்ணா, இத்தனை பெருசு எதுக்குங்க? ரெண்டங்குலம் போதும்னுதான் எழுதியிருக்கறாங்க."

திருமூர்த்தி துணியை மடிக்காமல் சுருட்டிக் காகிதத்தில் வைத்தார்.

"அங்கயும் என்னையாட்ட ஒருத்தன்தான அம்மிணி உக்காந்திருப்பான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமோ தெரியாதோ, துணியாவது பெருசா இருக்கட்டும்."